நடு இன்ஜின் காருக்கு மாற்று இன்ஜின்: எதை முதலில் பார்ப்பது?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இன்ஜின் மாற்றம் புதிதல்ல. பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல், அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மேட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த வேலையைச் செய்த மூத்த மெக்கானிக்குகளிடம் கேட்டால், எந்த பிராக்கெட்டை எங்கே வெட்டினார்கள், எங்கே வெல்டு வைத்தார்கள் என்பதை இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்வார்கள்.

அம்பாசடரில் அது கைகூடியதற்குக் காரணம் அந்தக் காரின் அமைப்பு. முன்னால் அகலமான பானெட். அதற்குள் இன்ஜின். அதன் வாலில் கியர்பாக்ஸ். அங்கிருந்து நீளமான ஷாஃப்ட் ஒன்று பின்சக்கர ஆக்ஸிலுக்குப் போகிறது. எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. இன்ஜின் இரண்டு அங்குலம் நீளமாக இருந்தால் ஷாஃப்டை வெட்டிக் குறைக்கலாம். ரேடியேட்டர் முன்னாலேயே நிற்கிறது. கை நுழைவதற்கு எங்கும் இடம் உண்டு.

போன வருடம் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவன், அங்கே 1973ஆம் ஆண்டு போர்ஷே 914 ஒன்றை வாங்கிப் போட்டிருப்பதாகச் சொன்னான். பாடி நன்றாக இருக்கிறது, இன்ஜின் செத்துவிட்டது. "அண்ணே, எந்த இன்ஜின் போடலாம்?" என்று அவன் கேட்டது என்னிடம் இல்லை, எங்கள் வீட்டு அம்பாசடரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்ளும் காரைக்குடி மெக்கானிக்கிடம். அவர் போர்ஷேயை நேரில் பார்த்தவர் இல்லை. போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்த இன்ஜின் என்பது அப்புறம் தம்பி. கியர்பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, அதைச் சொல்லுங்கள்."

இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனில்தான் தொடங்குகிறார்கள். அவரோ சரியான இடத்தில் தொடங்கினார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, நடு இன்ஜின் காரில் இன்ஜின் மாற்றுவது எப்படி வேறுபட்ட வேலை என்பதை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

நடு இன்ஜின் என்றால்

முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையில் இன்ஜின் இருந்தால் அது நடு இன்ஜின் வாகனம். விளையாட்டுக் கார்களில் பெரும்பாலும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் அது உட்கார்ந்திருக்கும். இத்தாலியக் கார்களின் படங்களில் மட்டும் பார்க்கக் கிடைக்கும் சங்கதி என்று இதை நினைக்க வேண்டாம். நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்த மாருதி ஆம்னியில் 796 சிசி இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில், முன் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தது. இலக்கணப்படி அதுவும் நடு இன்ஜின்தான். ஆம்னியின் இருக்கையைத் தூக்கி இன்ஜினைப் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உடனே நினைவுக்கு வரும்: சூடு, இடப் பற்றாக்குறை. இந்தக் கட்டுரையின் பாதி இந்த இரண்டைப் பற்றியதுதான்.

இத்தனை சிரமத்தோடு இன்ஜினை ஏன் நடுவில் வைக்கிறார்கள்? காரில் மிகக் கனமான பொருள்களில் ஒன்று இன்ஜின். அது காரின் மையத்துக்கு அருகில் இருந்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்து வைத்துக்கொண்டு திரும்புவதற்கும், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இந்தக் குணத்துக்காகத்தான் அந்தக் காரை விரும்புகிறோம். மாற்று இன்ஜின் அதைக் கெடுத்துவிட்டால், எத்தனை வேகம் கிடைத்தாலும் அது நஷ்டம் என்பது என் உறுதியான எண்ணம்.

போர்ஷே 914 இதற்கு நல்ல பாடம். 1969 முதல் 1976 வரை போக்ஸ்வேகனும் போர்ஷேயும் கூட்டாகத் தயாரித்த இரண்டு இருக்கைக் கார் இது. அடிப்படை மாடலில் போக்ஸ்வேகனின் 1.7 லிட்டர், 4 சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின். திறன் 80 குதிரைத்திறன். 914/6 மாடலில் போர்ஷே 911டி காரின் 2 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின், 110 குதிரைத்திறன். தொழிற்சாலையே இன்னும் ஒரு படி மேலே போய், 908 பந்தயக் காரின் 8 சிலிண்டர் இன்ஜினைப் பொருத்தி 914/8 என்று இரண்டு கார்கள் செய்தது. அவற்றில் ஒன்று நிறுவனத்தின் தலைவர் ஃபெரி போர்ஷேயின் 60ஆவது பிறந்தநாள் பரிசு. ஆக, இந்தக் காருக்கு வேறு இன்ஜின் போடும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அதைச் செய்தவர்களேதான்.

கியர்பாக்ஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது

நடு இன்ஜின் காரில் நீளமான ஷாஃப்ட் கிடையாது. கியர்பாக்ஸும், விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். டிரான்ஸ்ஆக்ஸில் என்று அதைச் சொல்வார்கள். அதன் இரு பக்கமும் சிறிய ஆக்ஸில் ஷாஃப்டுகள் புறப்பட்டு நேராகச் சக்கரத்துக்குப் போகும். அதனால் இன்ஜினைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்ஜினும் டிரான்ஸ்ஆக்ஸிலும் ஜோடியாகத்தான் வரவேண்டும்.

911 காரில் இன்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது. கியர்பாக்ஸ் அதற்கு முன்னால் இருக்கிறது. 914இல் இது தலைகீழ். முன்னால் இன்ஜின், நடுவில் ஆக்ஸில், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ். இரண்டு கார்களிலும் அடிப்படையில் ஒரே கியர்பாக்ஸ்தான். 911இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மொத்தமாகத் தூக்கி அரைச் சுற்று திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். முன்னால் பார்த்துச் சுற்றிய ஆக்ஸில் இப்போது பின்னால் பார்த்துச் சுற்றும். ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன்னோக்கிய கியரும் கொண்ட கார் கிடைக்கும்.

தீர்வு எளியது, ஆனால் நுணுக்கமானது. டிஃபரன்ஷியலுக்குள் சின்ன பினியன் ஒன்று பெரிய கிரவுன் வீலைச் சுற்றுகிறது. அந்தக் கிரவுன் வீலைப் பினியனின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிப் பொருத்தினால் ஆக்ஸில் சுற்றும் திசை மாறிவிடும். 914இல் போர்ஷே செய்தது இதைத்தான். லோட்டஸ் நிறுவனமும் 1966இல் யூரோப்பா காருக்காக ரெனோ 16 காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் திருப்பி வைத்தபோது இதையே செய்தது. நம் ஊரில் ஜீப், லாரியின் கிரவுன் பினியனைக் கழற்றி, ஷிம் வைத்துப் பல் இடைவெளி சரிபார்த்த கைகளுக்கு இது புரியாத வேலை இல்லை. எல்லாக் கியர்பாக்ஸிலும் கிரவுன் வீலை அப்படி இடம் மாற்ற உள்ளே இடம் இருக்காது என்பதுதான் சிக்கல்.

914 வைத்திருப்பவர்களிடையே ஜப்பானின் சுபாரு இன்ஜினுக்கு இருக்கும் செல்வாக்கு இங்கேதான் புரிகிறது. சுபாரு கார்களில் இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கிறது. கியர்பாக்ஸ் பின்னால் நீள்கிறது. இன்ஜின், ஆக்ஸில், கியர்பாக்ஸ் என்ற அதே வரிசை. அதை அப்படியே எடுத்து 914இன் பின்பக்கத்தில் வைத்தால் எதையும் திருப்ப வேண்டியதில்லை. சுபாருவின் முன்சக்கர ஆக்ஸில் இங்கே பின்சக்கர ஆக்ஸிலாகிவிடும். நான்கு சக்கர இயக்கத்துக்காகப் பின்னால் போகும் வழியை மட்டும் அடைத்துப் பூட்டிவிட வேண்டும். நீளவாட்டில் இன்ஜின் வைக்கும் அவுடி கார்களின் கியர்பாக்ஸும் இதே காரணத்தால்தான் நடு இன்ஜின் கார்களில் விரும்பப்படுகிறது.

இன்ஜின் சுற்றும் திசையும் ஒரு கணக்கு. பெரும்பாலான கார் இன்ஜின்களை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அமெரிக்காவின் பழைய ஷெவர்லே கோர்வேர் இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றும். ஹோண்டாவின் பழைய பி வரிசை இன்ஜின்களும் அப்படித்தான். பின்னால் வந்த கே வரிசை மற்றவற்றைப் போலச் சுற்றுகிறது. வேறு கம்பெனியின் கியர்பாக்ஸோடு இணைக்கும்போது இதைப் பார்க்காமல் விட்டால், எல்லாம் முடிந்து முதல் கியர் போடும் நாளில்தான் தெரியவரும்.

இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்த கார்களில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஃபியட் எக்ஸ்1/9 (1972 முதல் 1989 வரை), டொயோட்டா எம்ஆர்2 (1984 முதல்), பாண்டியாக் ஃபியரோ (1984 முதல் 1988 வரை) ஆகியவை, முன்சக்கர இயக்கக் காரின் இன்ஜின் தொகுதியைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நகர்த்தி வைத்தவை. எனவே இன்னொரு முன்சக்கர இயக்கக் காரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே அங்கே வைக்கலாம். எக்ஸ்1/9இல் ஹோண்டா கே20, எம்ஆர்2இல் டொயோட்டாவின் சொந்த 3.5 லிட்டர் வி6, ஃபியரோவில் ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6 என்று அங்கெல்லாம் நன்கு நடந்து தேய்ந்த பாதைகள் இருக்கின்றன. அகலம் போதுமா, ஆக்ஸில் ஷாஃப்ட் அதிகச் சாய்வில் நிற்கிறதா, கியர் கேபிள் எட்டுகிறதா என்பவைதான் அங்கே கேள்விகள். வி6 என்றால் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் சிலிண்டர்கள்; அதை வைத்தால் ஓட்டுநரின் முதுகுச் சுவரை ஒட்டிய மூன்று ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவதற்குள் விரல் தோல் உரிந்துவிடும். வாங்குவதற்கு முன்பே அங்கே கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்புத் தட்டு

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு புதிய இன்ஜினை மட்டும் பொருத்துவதானால், இரண்டுக்கும் இடையில் அலுமினியத் தட்டு ஒன்று வேண்டும். ஒரு பக்கம் இன்ஜினின் போல்ட் துளைகள், மறுபக்கம் கியர்பாக்ஸின் போல்ட் துளைகள். லேத் பட்டறையில் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யலாம்தான். ஆனால் தட்டின் உயிர் துளைகளில் இல்லை, மையத்தில் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் நடுக்கோடும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நடுக்கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளட்சைச் சுற்றியிருக்கும் கியர்பாக்ஸ் மூடியின் மையம் விலகியிருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பார்கள். முள்ளின் மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது பட்டறைகளில் பரவலாகப் பின்பற்றும் அளவு. தலைமயிர் ஒன்றிரண்டின் தடிமன்.

அந்த அளவைத் தாண்டினால் முதலில் ஒன்றும் தெரியாது. கார் ஓடும். சில மாதங்களில் கியர்பாக்ஸ் முன் பேரிங் முனகத் தொடங்கும். கிளட்ச் முழுதாக விடுபடாமல் கியர் நறநறவென்று விழும். பிறகு கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் போகும். போல்டுகள் நிலையைத் தாங்கா. இறுகப் பிடிக்கத்தான் அவை. நிலையைத் தாங்குவது டவல் பின்கள் எனும் சிறிய எஃகு முளைகள். தட்டைச் செய்துதருகிறவர் டவல் பின்னைப் பற்றிப் பேசவில்லை என்றால், வேறு ஆளைத் தேடுங்கள்.

சூடு

காற்றால் குளிரும் 914இல் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீரால் குளிரும் இன்ஜினைப் பின்னால் வைத்தால், ரேடியேட்டரை முன்னால், சாமான் வைக்கும் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். அங்கே காற்று உள்ளே வரத் துளை வேண்டும். அதைவிட முக்கியம், வந்த காற்று வெளியே போக வழி வேண்டும். இதை மறந்துவிட்டு இன்னும் பெரிய ரேடியேட்டர் வாங்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. போகும் வழி அடைத்திருந்தால் எத்தனை பெரிய ரேடியேட்டரும் வீண்.

முன்னாலிருந்து பின்னால் வரை, காரின் அடியில் இரண்டு குழாய்கள் ஓடும். அவற்றில் காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டால், மீட்டரில் சூடு சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் ஹெட்டில் தண்ணீர் இல்லாமல் போகும். கூலன்ட் ஊற்றும்போது காரின் மூக்கை ஜாக்கி வைத்து உயர்த்த வேண்டும். மிக உயரமான இடத்தில் காற்றை வெளியேற்றும் திருகு வைக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து இரண்டு குழாயும் கைக்குச் சூடாகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

சித்திரை வைகாசியில் 40 பாகையைத் தொடும் நம் ஊர் வெயிலில் காரைக்குடி பெரியார் சிலைப் பக்கம் நெரிசலில் நிற்பதைக் கற்பனை செய்துகொண்டு திட்டமிடுங்கள். கலிபோர்னியாத் தம்பிக்கும் அதையேதான் சொன்னேன், அங்கும் கோடை கொடுமையானதுதான். ஓடும்போது காற்று கிடைக்கும். நின்றவுடன் இன்ஜின் அறையில் சூடு தேங்கும். முன் இன்ஜின் காரில் பானெட் இடுக்குகள் வழியே அது மேலே போய்விடும். நடு இன்ஜின் காரில் அது உங்கள் முதுகுச் சுவரைத்தான் சுடும். சுபாரு இன்ஜினின் எக்ஸாஸ்ட் கீழ்ப்பக்கமாக வெளியேறுவதால் தரையிலிருந்து உயரமும் குறையும். நம் வேகத்தடைகளுக்கு அது ஆகாது.

எடை, விசை, பாடி

914இல் ஷெவர்லேயின் வார்ப்பிரும்பு வி8 வைப்பது அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை. அந்த இன்ஜின் மட்டுமே 250 கிலோவுக்கு மேல். நீளம் காரணமாக அதன் வாட்டர் பம்ப் இருக்கைச் சுவரை முட்டும், சுவரை வெட்டுகிறார்கள். பழைய இன்ஜினைப் போல இரண்டு மூன்று மடங்கு முறுக்குவிசை வருவதால் பழைய கியர்பாக்ஸ் தாங்காது, குறிப்பாக முதல் கியர். அதைப் பலப்படுத்தினால் ஆக்ஸில் போதாது. அடுத்து பிரேக். 4 சிலிண்டர் 914இல் சக்கரத்துக்கு 4 போல்ட், 914/6இல் 5. சக்கர மையத்தையே மாற்ற வேண்டிவரும். முடிவில் காரின் குணம் எங்கோ போய்விடும். இந்த மாற்றத்தை மனதார விரும்பிச் செய்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் புதியவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எடை குறைந்த, அளவான திறன் கொண்ட 4 சிலிண்டர் இன்ஜின் போதும்.

எந்த இன்ஜினானாலும் அதைத் தாங்கப்போவது ஐம்பது வருடத் தகரம். 914இன் கூரை கழற்றக்கூடியது என்பதால் பாடியின் விறைப்பு முழுவதும் கதவுக்குக் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டிச் சட்டங்களில் இருக்கிறது. பேட்டரி வலப்பக்கம், இன்ஜின் அறையில் மேலே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கசியும் அமிலம் கீழே உள்ள சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். சோதிக்க ஒரு வழி: கதவுகளை மூடி, கதவுக்கும் பின்பக்கப் பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். இடைவெளி மேலே நெருங்கினால், அல்லது கதவு திறக்க அடம்பிடித்தால், அந்தச் சட்டம் செத்துவிட்டது. இன்ஜினுக்கு வைத்திருந்த பணம் முதலில் அங்கே போகட்டும்.

எரிபொருள் குழாய்களையும் பாருங்கள். 914இன் நடுச் சுரங்கத்துக்குள் பிளாஸ்டிக் குழாய்கள் ஓடுகின்றன. வயதாகி அவை நொறுங்கும் நிலையில் இருக்கும். அவற்றின் வழியே புதிய இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு வேண்டிய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புவது நெருப்போடு விளையாடுவது. இந்தக் கார்களில் இன்ஜின் அறைத் தீ அரிதல்ல. அது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் தொடங்குவதால் முதலில் பார்ப்பவர் அவராக இருக்க மாட்டார். எஃகுக் குழாய் போடுங்கள், தீயணைப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மின் மோட்டார்

இன்ஜினுக்குப் பதில் மோட்டார் வைத்தால் திசைப் பிரச்சினை ஒரே நொடியில் தீர்கிறது. கன்ட்ரோலரில் மாற்றினால் மோட்டார் எந்தப் பக்கமும் சுற்றும். சிக்கல் பேட்டரியின் எடைக்கு இடம் மாறுகிறது: 30 கிலோவாட்மணி பேட்டரி என்றால் உறையோடு சேர்த்துச் சுமார் 200 கிலோ வரும். அதைப் பெட்ரோல் டேங்க் இருந்த முன்பகுதிக்கும் இன்ஜின் அறைக்கும் பிரித்து வைத்தால் காரின் எடைச் சமநிலையைக் காப்பாற்றலாம். நின்ற நிலையிலிருந்தே முழு விசை வருவதால், பழைய கியர்பாக்ஸைக் காப்பாற்ற அந்த விசைக்குக் கன்ட்ரோலரில் வரம்பு போட்டே ஆகவேண்டும்.

காரைக்குடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே உருவான லித்தியம் அயனி பேட்டரித் தொழில்நுட்பத்தை இந்தியத் தயாரிப்பாளருக்குக் கைமாற்ற 2018இல் ஒப்பந்தம் ஆனது. பழைய கார் ஆர்வமுள்ள நம் பொறியியல் மாணவர்கள் பேட்டரியின் சூடும் ஆயுளும் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஊர் இல்லை.

இங்கே செய்வதானால்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988, 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. அதே வகை இன்ஜினை மாற்றுவதற்கும், அங்கீகரிக்கப்பட்ட மாற்று எரிபொருள் கிட் பொருத்துவதற்கும் முறையான வழி உண்டு. வேறு கம்பெனி இன்ஜினை நினைத்தபடி ஏற்றிவிட்டு ரோட்டில் ஓட்ட முடியாது. 2021இல் வந்த பழங்கால வாகன விதிகளின் கீழ், 50 வயதைத் தாண்டிய கார்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். அதற்கு நிபந்தனை, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் கார் அசல் நிலையில் இருப்பது. எனவே வீட்டுக் கொட்டகையில் பழைய கார் வைத்திருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள், இன்ஜினை இறக்குவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இறக்கிய அசல் இன்ஜினை எடைக்குப் போடாதீர்கள்; எண்ணெய் தடவி மூடி வையுங்கள். அது உடன் இருக்கும்வரை காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

தம்பியின் கார் கலிபோர்னியாவில் இருப்பதால் அவனுக்கு வேறு சட்டம். அங்கே 1975ஆம் ஆண்டு மாடல் வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை என்பது அவனுக்குச் சாதகம். சுபாருவின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே காரிலிருந்து ஜோடியாக எடுப்பது, பாடியில் எதையும் வெட்டாமல் பழைய மவுண்ட் துளைகளிலேயே புதிய குறுக்குச் சட்டத்தைப் பூட்டுவது என்று இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறான். முன் தரையில் ரேடியேட்டருக்கான துளை மட்டும் தவிர்க்க முடியாது. அதற்கு முன் பேட்டரித் தட்டைக் கழற்றி, வலப்பக்கச் சட்டத்துக்குள் சிறிய கேமரா விட்டு எடுத்த படங்களை மெக்கானிக்குக்கு அனுப்பியிருந்தான். உள்ளே ஓர் அடி நீளத்துக்குத் துரு. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும்போது, கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாக வெல்டு வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், பாடி தொங்கிவிடாமல் இருப்பதற்காக.